ஆற்று மட்டம் திரையில் ஓடுகிறது: பச்சை நிறத்தை எப்போது நம்பலாம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கணினித் திரையில் ஓடும் அட்டவணைகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இது கணினிக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்து இந்நேரம் சிலர் வேறு அலைவரிசைக்குப் போயிருக்கலாம். போகாமல் இருப்பவர்களை ஒன்று கேட்கிறேன். கெடாவில் மூடா ஆற்றுப் பக்கமோ, கெட்டில் ஆற்றுப் பக்கமோ, ஜெராய் மலை அடிவாரத்திலோ உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? இருந்தால் இது உங்கள் சமாச்சாரம்தான்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஆற்றில் தண்ணீர் ஏறுவதை யாரும் எண்ணால் சொன்னதில்லை. 'பாலத்துத் தூணில் பாதி ஏறிவிட்டது', 'கீழ் லயத்து வாசலுக்கு வந்துவிட்டது' என்றுதான் சொல்வார்கள். சொன்னவர் தம் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், 'இப்போதுதான் வருகிறேன்' என்பார். அந்த 'இப்போதுதான்' என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசப் போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

இன்று அந்த வேலையை ஓர் அட்டவணை செய்கிறது. ஜே.பி.எஸ். என்று நாம் சொல்லும் வடிகால் நீர்ப்பாசனத் துறை, 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' என்ற அகப்பக்கத்தை நடத்துகிறது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் அட்டவணை வரும். ஒரு வரிசைக்கு ஒரு நீரளவு நிலையம். நிலையத்தின் பெயர், மாவட்டம், ஆற்றுப் படுகை, கடைசியாக அளந்த நேரம், நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்ற விவரங்கள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் அந்த நிலையத்துக்கென்று வகுத்த நான்கு அளவுகள் இருக்கும்: நோர்மல், வஸ்பாடா, அமாரான், பகாயா. தமிழில் வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமும் உண்டு.

நிலையங்களின் பெயர்களைப் பார்த்தால் நமக்குப் பழகிய பெயர்கள் வரும். மூடா ஆற்றை அளக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று பாடாங் செராய் பக்கத்து விக்டோரியா தோட்டம். அந்தத் தோட்டப் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அதே பெயரில் ஆற்றுக் கணக்கு ஒன்று இருப்பது அவ்வளவாகத் தெரியாது. 2003ஆம் ஆண்டு அக்டோபர் வெள்ளத்தில் விக்டோரியா தோட்டத்து அளவிடத்தைக் கடந்த நீர் விநாடிக்கு 1,340 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்; ஆக, ஒரு விநாடிக்குப் பதின்மூன்று லட்சம் லிட்டருக்கும் மேல்! அந்த வெள்ளத்தால் 45,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். மூடா சுமார் 180 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. 4,210 சதுரக் கிலோமீட்டர் நிலத்தின் மழையை வாங்கிக்கொண்டு வருகிறது. பாலிங் பக்கம் பெய்வது கெட்டில் ஆற்றில் இறங்கி, மூடாவில் சேர்ந்து, விக்டோரியா தோட்டத்தைத் தாண்டி, கோத்தா கோல மூடாவில் கடலுக்குப் போகிறது. மேலே பெய்த மழை கீழே வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அந்த மணி நேரங்கள்தான் கீழே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

கிராணியின் பேரேடும் கணினியும்

ஓர் எண் எப்படித் திரைக்கு வருகிறது? ஆற்றோரத்தில் ஒரு கருவி இருக்கும். சில கருவிகள் நீருக்குள் கிடந்து அழுத்தத்தை அளக்கும். சில கருவிகள் பாலத்திலிருந்து கீழே ராடார் அலையை அனுப்பித் தூரத்தை அளக்கும். அளந்ததைக் கைத்தொலைபேசிக் கட்டமைப்பு போன்ற ஒரு வழியில் மையக் கணினிக்கு அனுப்பும். அங்கிருந்து நம் திரைக்கு வருகிறது. இவ்வளவுதான்.

அந்த எண் மாறும்போது திரையில் என்னென்ன மாற வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்டோரில் பால் நிறுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கிராணி பேரேட்டில் பால் எடையை எழுதுவார். பக்கத்தில் உலர் ரப்பர் விகிதம். இரண்டையும் பெருக்கினால் காய்ந்த எடை. அதை வைத்துக் கூலி. அடியில் மொத்தம். எடை 18 கிலோ என்று எழுதியதை 19 என்று திருத்தினால், காய்ந்த எடையையும் கூலியையும் மொத்தத்தையும் அவரே அடித்து எழுத வேண்டும். ஒன்றை மறந்தாலும் சம்பள நாளில் சண்டைதான்.

1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்ற இருவர் 'விசிகால்க்' என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரு கட்டத்தை மாற்றினால் அதைச் சார்ந்த மற்றக் கட்டங்கள் தாமாகவே மாறின. கிராணியின் அடித்து எழுதும் வேலை போய்விட்டது. அகப்பக்கங்களில் இதே வசதி வரப் பல ஆண்டுகள் ஆயின. பக்கம் முழுவதையும் புதிதாக இறக்காமல் பின்னணியில் தரவை மட்டும் வாங்கிவரும் முறைக்கு 2005ஆம் ஆண்டில்தான் 'அஜாக்ஸ்' என்ற பெயர் வந்தது. 2013ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் 'ரியாக்ட்' என்ற கருவியைப் பொதுவில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு 'வியூ' வந்தது. இப்படிப்பட்டவற்றைக் கொண்டு செய்யும் திரைப் பகுதிகளைத்தான் 'ரியாக்டிவ்' கூறுகள் என்கிறார்கள். மாறுதல் வந்ததும் தாமே உணர்ந்து மாறும் பகுதிகள் என்று பொருள்.

இதில் நிரல் எழுதுபவர், 'அந்தக் கட்டத்தை அழி, இந்த எண்ணைப் போடு' என்று கட்டளை கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார். 'தரவு இப்படி இருந்தால் அட்டவணை இப்படித் தெரியட்டும்' என்று ஒருமுறை எழுதிவைப்பார். தரவு மாறினால், புதிய தோற்றத்தையும் பழைய தோற்றத்தையும் ஒப்பிட்டு, வேறுபட்ட கட்டத்தை மட்டும் கருவியே திருத்திக்கொள்ளும். விக்டோரியா தோட்டத்து மட்டம் உயர்ந்தால் அந்த எண் மாறும். எண்ணிலிருந்து கணக்கிடும் நிலை மாறும். நிலையைச் சார்ந்த நிறம் மாறும். மேலே 'ஆபத்து நிலையில் இத்தனை நிலையங்கள்' என்ற தொகையும் மாறும். எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே எண். நிறத்தைத் தனியாகவும் எண்ணைத் தனியாகவும் சேமித்துவைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய திரையில் என்றாவது ஒரு நாள் எண் ஒன்று சொல்லும், நிறம் வேறொன்று சொல்லும்.

வராத செய்தி

இதுவரை சொன்னதை எந்தப் பாடநூலும் சொல்லும். இனிச் சொல்வதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மாறுதல் வந்தால் திரை மாறும் என்றோம். மாறுதலே வராவிட்டால்?

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நள்ளிரவு ஒரு மணிக்கு ஒரு கருவி தன் அளவை அனுப்புகிறது. வழக்கமான மட்டம், வரிசை பச்சை. ஒன்றே காலுக்கு வெள்ளம் அந்தக் கருவியையே பிடுங்கிக்கொண்டு போகிறது. அல்லது மின்சாரம் போகிறது, தொலைபேசிக் கோபுரம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. செய்தி இல்லாததால் மாறுதல் இல்லை. மாறுதல் இல்லாததால் திரை அசையவில்லை. மூன்று மணிக்குத் தூக்கம் கெட்டுக் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கும் அம்மா அங்கே பச்சையைப் பார்க்கிறார். பிள்ளைகளை எழுப்ப வேண்டாம் என்று மறுபடியும் படுத்துவிடுகிறார்.

நிரலில் பிழை எதுவும் இல்லை. கருவி சொன்னதைத்தான் திரை காட்டியது. ஆனால், ஆறு மிக மோசமாக இருக்கும் நேரமும் கருவி ஊமையாகும் நேரமும் ஒன்றாக வர வாய்ப்பு அதிகம் என்பதை அதைச் செய்தவர் யோசிக்கவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. 'ரியாக்டிவ்' கூறு தரவுக்கு மட்டும்தான் அசைய வேண்டும் என்று கட்டாயமில்லை, கடிகாரத்துக்கும் அசையலாம். நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் கடிகாரம் ஒன்றை இன்னொரு மூலமாகச் சேர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு வரிசையும் தன் வயதைக் கணக்கிடட்டும். '3 நிமிடத்துக்கு முன்', '17 நிமிடத்துக்கு முன்', '1 மணி 40 நிமிடத்துக்கு முன்' என்று தானே எழுதிக்கொள்ளட்டும். ஒரு நிலையம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புவது என்றால், இரண்டு முறை தவறியதுமே அதன் பச்சை போய்ச் சாம்பல் நிறம் வர வேண்டும். 'தகவல் இல்லை' என்ற சொல்லும் வர வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நேரத்தில் இரண்டு வகை உண்டு. ஆற்றில் அளந்த நேரம் ஒன்று. நம் திரை மையக் கணினியிடம் கேட்டு வாங்கிய நேரம் இன்னொன்று. பல பக்கங்களில் மேலே பெரிதாக 'புதுப்பிக்கப்பட்டது 3.02' என்று இருக்கும். அது வாங்கிய நேரம். அளந்த நேரம் ஒரு மணியாக இருக்கலாம். நேற்றைய மீனை இன்று காலையில் சந்தைக்குக் கொண்டுவந்து, 'காலையில் வந்த மீன்' என்று விற்பதைப் போன்றது இது. வயதை எப்போதும் அளந்த நேரத்திலிருந்தே கணக்கிட வேண்டும். அதையும் மையக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும். பயனரின் கைத்தொலைபேசியில் மணி தவறாக இருக்கக்கூடும்.

அடுத்தது, எண்ணே இல்லாத எண்கள். தரவு கிடைக்காதபோது -9999 என்று பதிவு செய்வது நீரியல், வானிலைத் துறைகளில் பழைய வழக்கம். சில நேரம் வெறும் பூஜ்யம் வரும். நிரலில் எப்படி எழுதியிருப்பார்கள்? ஆபத்து அளவைத் தாண்டினால் சிவப்பு, எச்சரிக்கையைத் தாண்டினால் ஆரஞ்சு, விழிப்பைத் தாண்டினால் மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை. இந்த 'மற்றதெல்லாம்' என்பதில் -9999உம் விழும், பூஜ்யமும் விழும், வெற்றிடமும் விழும். உடைந்துபோன கருவிக்குப் பச்சை நிறம்! தலைகீழாக எழுத வேண்டும். நம்பத்தகுந்த எண், புதிய எண், வழக்கமான எல்லைக்குள் உள்ள எண் என்று உறுதியானால்தான் பச்சை. மற்றதெல்லாம் சாம்பல்.

இன்னொரு தந்திரமான கோளாறும் உண்டு. சேறோ மரக்கிளையோ அடைத்துக்கொண்டு, கருவி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பும். நேரம் புதிதாக இருக்கும், எண் பழையது. இதைப் பிடிக்க, கடைசி ஆறேழு அளவுகளைச் சின்னக் கோடாக வரிசையிலேயே காட்டலாம். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஓர் அம்புக்குறியும் போடலாம். என்னைக் கேட்டால் நிறத்தைவிட இந்த அம்பு முக்கியம். மஞ்சளில் இறங்கிக்கொண்டிருக்கும் ஆற்றைவிடப் பச்சையில் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும் ஆறு கவலைக்குரியது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால்

வெள்ள இரவில் ஊரே அந்தப் பக்கத்தைத் திறக்கும். 10,000 கைத்தொலைபேசிகள் ஐந்து விநாடிக்கு ஒருமுறை 'ஏதாவது மாறியதா?' என்று கேட்டால், மையக் கணினிக்கு விநாடிக்கு 2,000 கேள்விகள். ஆனால் அளவு வருவதோ கால் மணிக்கு ஒருமுறை! கேள்விகளில் பெரும்பாலானவை வீண். தேவைப்படும் நேரத்தில் பக்கம் படுத்துவிடுவதற்கு இது ஒரு காரணம். இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மாறுதல் வரும்போது மட்டும் மையக் கணினியே தள்ளிவிடும் முறை இருக்கிறது. 'சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ்' என்பார்கள். இணைப்பு அறுந்தால் உலாவியே மறுபடி இணைத்துக்கொள்ளும். ஆற்று மட்டம் ஒருவழிச் செய்தி என்பதால் இதுவே போதும். இருவழிப் பேச்சுக்கான 'வெப்சாக்கெட்' இங்கே அவசியமில்லை. பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், தெரியும்.

விரலுக்கு அடியில் ஓடும் வரிசை

அட்டவணையை ஆபத்து வரிசைப்படி அடுக்குவது நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் மூன்றாவது வரிசையைத் தொடப் போகும் நொடியில் புதிய அளவு வந்து வரிசைகள் இடம் மாறிவிட்டால், தொட்டது ஒன்று, திறந்தது இன்னொன்று. கெட்டில் ஆற்றைப் பார்க்க நினைத்தவர் அலோர்ஸ்டார் பக்கத்து வாய்க்காலைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவார். விரல் திரையில் இருக்கும்வரை வரிசை மாறக்கூடாது. எண்கள் மட்டும் மாறட்டும். 'வரிசை மாறியுள்ளது, புதிதாக அடுக்கவா?' என்று ஒரு பொத்தான் போதும்.

நிரலுக்குள்ளும் இதே விஷயம் வருகிறது. பழைய வரிசை எது, புதிய வரிசை எது என்று ஒப்பிடும்போது, 'மூன்றாவது' என்ற இடத்தை வைத்துப் பொருத்தினால், திறந்து வைத்திருந்த வரைபடம் வேறு ஆற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நிலையத்துக்கும் நிலைய எண் இருக்கிறது. அதையே அடையாளமாகக் கொடுக்க வேண்டும். பெரட்டில் யார் எந்த இடத்தில் நின்றாலும் கங்காணி ஆளைப் பார்த்துத்தான் பெயரைக் குறித்தார். நின்ற இடத்தைப் பார்த்து அல்ல.

அட்டவணையில் இல்லாத ஆறு

2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி பாலிங், கூப்பாங் வட்டாரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இனாஸ் மலைப் பக்கமிருந்து தண்ணீரும் சேறும் மரக்கட்டைகளுமாக இறங்கி, கம்போங் இபோயில் வீடுகளை அடித்துச் சென்றது. மூன்று உயிர்கள் போயின. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி, ஜெராய் மலையிலிருந்து அதேபோல் இறங்கி யான், மெர்போக் பகுதிகளைத் தாக்கியது. அங்கும் உயிர்ச்சேதம்.

2010 நவம்பரில் அலோர்ஸ்டாரும் ஜித்ராவும் மூழ்கி, நெடுஞ்சாலையும் விமான நிலையமும் மூடப்பட்ட வெள்ளம் வேறு வகை. அது சமவெளியில் பரவி நின்ற நீர். விக்டோரியா தோட்டத்தைக் கடக்கும் பெரிய ஆறும் அப்படித்தான், அவகாசம் கொடுக்கும். அங்கெல்லாம் கால் மணிக்கு ஒருமுறை வரும் அட்டவணை உயிர் காக்கும் கருவி. மலையோடை அப்படியல்ல. நிமிடங்களில் இறங்கும். ஒவ்வொரு ஓடைக்கும் அளவுகோல் வைக்கவும் முடியாது. அளவுகோல் இல்லாத ஓடைக்கு அட்டவணையில் வரிசை இருக்காது. வரிசை இல்லாததைப் பார்ப்பவர், 'நம் பக்கம் ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்வார். எவ்வளவு விரைவான நிரலும் இதைச் சரிசெய்யாது.

ஆகவே அட்டவணையைச் செய்பவர்கள் அதன் எல்லையையும் அதே திரையில் எழுத வேண்டும். பயனர் தம் ஊரைத் தட்டினால், 'உங்களுக்கு மிக அருகில் உள்ள நிலையம் இத்தனை கிலோமீட்டரில், இந்த ஆற்றில் இருக்கிறது. இது மலையோடைகளை அளப்பதில்லை' என்று வர வேண்டும். மழை அட்டவணையையும் பக்கத்தில் வைக்கலாம். ஜே.பி.எஸ். கணக்கில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது மிகக் கனத்த மழை. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் ஆற்று மட்டத்துக்குக் காத்திராமல் அந்த எண்ணைப் பார்த்தே கிளம்பலாம். திடீரென்று தண்ணீர் கலங்கினாலோ, மலைப் பக்கம் இரைச்சல் கேட்டாலோ, திரையைப் பார்க்கவே வேண்டாம், மேட்டுக்குப் போய்விடுங்கள்.

படிப்பவர் யார்?

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டர் கணக்கை ஒரு நிலையத்துக்கும் இன்னொரு நிலையத்துக்கும் ஒப்பிடாதீர்கள். ஓரிடத்தில் 5 மீட்டர் என்பது வழக்கம்; இன்னோரிடத்தில் அதுவே ஆபத்து. அந்த வரிசையில் உள்ள நான்கு அளவுகளோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். முதலில் நேரத்தைப் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள், நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். புலனத்தில் யாராவது அட்டவணையைப் படம் பிடித்து அனுப்பினால் அதிலும் நேரத்தைத் தேடுங்கள். படம் ஓடாது, பிடித்த நொடியிலேயே பழையதாகிவிடும்.

மாணவர்களுக்கும் ஒன்று. பச்சையும் சிவப்பும் வேறுபடுத்தத் தெரியாத கண்கள் உண்டு. நிறத்தோடு சொல்லையும் போடுங்கள். அந்தச் சொல் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இல்லாமல் தமிழிலும் சீனத்திலும் வரட்டும். நான்கே சொற்கள், ஒரு பிற்பகல் வேலை.

பீடோங்கில், ஜெராய் மலை அடிவாரத்தில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இதை எடுத்துச் செய்து பாருங்கள். செய்து முடித்ததும் ஆசிரியரிடம் காட்டும் முன் ஒரு சோதனை வையுங்கள். ஒரு நிலையம் பச்சையாக இருக்கும்போது அதிலிருந்து வரும் தரவை நிறுத்திவிடுங்கள். திரையைத் தொடாமல், புதுப்பிக்காமல், தேநீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். அந்த வரிசை இன்னும் பச்சையாகவே இருந்தால், உட்கார்ந்து மறுபடி எழுதுங்கள்.